பகடையை உருட்டு, அப்புறம் படம் வரை

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடத் தொடங்கும் பலரும் முதலில் செய்வது என்ன தெரியுமா? இணையத்தில் ஒரு அழகான வீரன் படத்தைத் தேடி எடுப்பார்கள். இல்லையென்றால் ஏதோ ஒரு ஏஐயிடம் நாலு வரி சொல்லி வாங்கிக்கொள்வார்கள். தோள் அகலமா இருக்கும், வாள் பளபளன்னு இருக்கும். அப்புறம்தான் கேரக்டர் ஷீட் நிரப்புவார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போடணும் என்பதுதான் இந்தக் கட்டுரை. எண்கள் முதலில், முகம் பிறகு. "எனக்கு வரையவே வராது" என்பவர்களுக்குத்தான் இது அதிகம் உதவும்.

விளையாட்டு தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் சேர்ந்து உருவாக்கியது, 1974ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வெளியானது. ஒருவர் டஞ்சன் மாஸ்டர், கதையையும் உலகத்தையும் நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "நான் சுவர் ஏறுறேன்" என்று நீங்கள் சொன்னால் ஏற முடிந்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். முதலில் அச்சடித்தது 1000 பெட்டிகள்தான். அதற்குள் இருந்த மூன்று சின்ன புத்தகங்களின் படங்களை ஒருமுறை பாருங்கள். நம்ம ரெக்கார்டு நோட் ஓரத்தில் வரைவது மாதிரிதான் பல இருக்கும். அந்தப் படங்களோடுதான் இந்த விளையாட்டு உலகம் சுற்றக் கிளம்பியது.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஒரு பாத்திரத்துக்கு ஆறு எண்கள்: பலம், லாவகம், உடல் தாங்கும் திறன், அறிவு, விவேகம், வசீகரம். ஒவ்வொன்றுக்கும் நான்கு ஆறுமுகப் பகடைகளை (முருகனுக்குச் சம்பந்தமில்லை) உருட்டி, குறைந்த ஒன்றைத் தூக்கிப் போட்டு, மீதி மூன்றைக் கூட்ட வேண்டும். சராசரி சுமார் 12.24 வரும். முழு 18 விழ வாய்ப்பு 1296ல் 21தான். அதாவது எல்லாவற்றிலும் சூரர் என்பவர் பகடையில் பிறப்பதே இல்லை. ஆனால் நாம் வரையும் படங்களில் மட்டும் எல்லோரும் அப்படியே இருக்கிறார்கள்!

ஒரு உதாரணம் போடுவோம். மிரெல் என்று ஒரு மந்திரவாதி. எல்லாம் கூட்டிக் கழித்த பிறகு பலம் 6, லாவகம் 14, தாங்கும் திறன் 9, அறிவு 17, விவேகம் 11, வசீகரம் 12. "பலம் 6ஆ, மறுபடி உருட்டலாமா?" என்று கை பரபரக்கும். உருட்டாதீங்க. அந்த 6தான் உங்களுக்குக் கிடைத்த புதையல்.

2014ல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிப்படி கணக்குப் போடலாம். எண்ணிலிருந்து 10ஐக் கழித்து, பாதியாக்கி, கீழ்நோக்கி முழுமையாக்கினால் அதன் கூட்டுமதிப்பு. தாங்கும் திறன் 9க்கு மைனஸ் 1. முதல் நிலை மந்திரவாதிக்கு உயிர்ப்புள்ளி 6, அதில் ஒன்று போனால் 5. கவசம் போடப் பயிற்சி கிடையாது, ஆகவே தற்காப்பு எண் 10 கூட்டல் 2, மொத்தம் 12. எதிரே ஒரு சாதாரண காப்ளின் நிற்கிறது. அதன் தாக்குதலுக்குக் கூட்டல் 4, ஆகவே பகடையில் 8 அல்லது அதற்கு மேல் விழுந்தால் வெட்டு படும். அதற்கு வாய்ப்பு 65 சதவீதம். சேதம் ஒரு ஆறுமுகப் பகடை கூட்டல் 2. பகடையில் 20 விழுந்தால் சேதப் பகடை இரட்டிப்பு. எல்லாவற்றையும் சேர்த்தால், ஒரே வெட்டில் மிரெல் தரையில் விழ சுமார் 45 சதவீதம் வாய்ப்பு. கிட்டத்தட்ட காசு சுண்டுவது போலத்தான்.

இது தெரிந்த பெண் எப்படி நிற்பாள்? நெஞ்சை நிமிர்த்தி, காலை அகட்டி, ஹீரோ மாதிரி நிற்கவே மாட்டாள். எடை பின்னங்காலில் இருக்கும். கண் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். பலம் 6 என்பதால் கனமான மந்திரப் புத்தகத்தைக் கையில் தூக்கி வைத்திருக்க மாட்டாள், இடுப்பில் வாரால் கட்டியிருப்பாள். அந்தப் பக்கத் தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். அறிவு 17 என்றால் உடனே கண்ணாடி மாட்டிவிடாதீங்க, அது சோம்பேறித்தனம். விரல் நுனியில் மைக்கறை, புத்தகத்தில் இருபது துணுக்குக் காகிதம் செருகியிருப்பது போதும். பார்த்தீர்களா, இன்னும் பென்சிலே எடுக்கவில்லை, பாதிப் படம் முடிந்துவிட்டது. அனாடமி தெரியாமல் தடுமாறுகிறோம் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் தடுமாறுவது யாரை வரைகிறோம் என்று தெரியாததால்தான். ஏஐ தரும் படத்தில் எனக்குள்ள குறையும் இதுவே. அதற்கு அந்தத் தோள் ஏன் இறங்கியது என்று தெரியாது, கேட்டால் சொல்லவும் தெரியாது.

இனி கருவி. கிரிட்டா இலவசம், லினக்ஸிலும் விண்டோஸிலும் ஓடும். பென் டேப்லட் இல்லையா? காகிதத்தில் வரைந்து, போனில் படமெடுத்து, கீழ் லேயராக வைத்து மேலே கோடு போடலாம். மவுஸில் கை நடுங்கினால் டூல் ஆப்ஷன்ஸில் ஸ்டெபிலைசரைப் போட்டுக்கொள்ளுங்கள். ஏ4 அளவு 300 டிபிஐ என்றால் 2480க்கு 3508 பிக்சல். பழைய லேப்டாப்பில் லேயர் ஏற ஏற மூச்சு வாங்கும். 1500க்கு 2000 தாராளம்.

கோட்டில் தொடங்காதீர்கள். தீப்பெட்டி அளவில் ஆறேழு கரும் நிழலுருவங்களை மட்டும் போடுங்கள், ஒன்றுக்கு இரண்டு நிமிடம். கண் மூக்கு எதுவும் வேண்டாம். எந்த நிழலில் புத்தகப் பாரம் தெரிகிறதோ அதை எடுத்துப் பெரிதாக்குங்கள். அடிக்கடி எம் விசையைத் தட்டுங்கள். படம் கண்ணாடியில் போல் திரும்பும், கோணல்கள் எல்லாம் முகத்தில் அறையும். நிழலுக்கு ஒரு மல்டிப்ளை லேயர், அது உருவத்தை விட்டு வெளியே வழியாமலிருக்க உருவத்தையும் நிழலையும் ஒரே குரூப்பில் போட்டு, நிழலுக்கு இன்ஹெரிட் ஆல்ஃபா. நிறத்தைப் பற்றி நான் பெரிதாகச் சொல்லப் போவதில்லை. மூன்று நிறத்துக்கு மேல் போனால் நானே தொலைந்துவிடுவேன்.

ஆனால் ஒன்று முக்கியம்: லேயர்களை ஒன்றாகச் சேர்த்துவிடாதீர்கள். உடை, முகம், பொருட்கள் தனித்தனியாக இருக்கட்டும். நாலாவது ஆட்டத்தில் மிரெல் தீயில் மாட்டினால் இடது சட்டைக்கை கருக வேண்டும். நண்பன் பாத்திரம் செத்துப்போனால் அவன் கயிறு இவள் இடுப்புக்கு வரலாம். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் கோப்பைப் புதிய எண்ணில் சேமித்து, ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். செமஸ்டர் முடிவில் அந்தப் படங்களை வரிசையாக வைத்தால், அந்த மேசையில் உட்கார்ந்திருந்த ஐந்து பேருக்கு மட்டும் புரிகிற ஒரு கதை அதில் இருக்கும்.

விதிகளுக்குக் காசு வேண்டாம். அடிப்படை விதித்தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானது, தாராளமாக இறக்கிக்கொள்ளலாம். ஊருக்குப் போன லீவில் ஆன்லைனில் ஆடுகிறீர்கள் என்றால் இன்னொன்று: ரோல்20 தளத்தில் ஒரு கட்டம் வழக்கமாக 70 பிக்சல்தான். நீங்கள் மூன்று ராத்திரி உட்கார்ந்து வரைந்த கண் இமை அங்கே தெரியாது. இறங்கிய தோளும் இடுப்புப் புத்தகமும் தெரியும். 70 பிக்சலுக்குச் சுருக்கிப் பார்த்துவிட்டு, அதன்பிறகு இமைக்குப் போங்க.