ஏற்காடு மலைப்பாதையில் ஹைட்ரஜன் கிட்: மைலேஜைச் சோதிப்பது எப்படி?

தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் வாயுவை என்ஜினுக்கு அனுப்பும் கிட்டை மாட்டிய கையோடு ஏற்காட்டிலிருந்து அடிவாரத்துக்கு இறங்கி, டேஷ்போர்டில் மைலேஜ் எகிறிவிட்டது என்று துள்ளுகிறவர்கள் உண்டு. கிட் இல்லாமலும் எகிறத்தான் செய்யும். கியரில் இறங்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும். ஏறும்போது கதை தலைகீழ். சேலத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம். ஒரு டன் காரை அவ்வளவு தூக்குவதற்கே ஒரு லிட்டருக்கு மேல் போகும். அதனால் ஏற்றமும் இறக்கமும் சேர்ந்தால்தான் ஒரு நடை. புறப்பட்ட பங்க்கிலேயே முடியுங்கள்.

டயர் காற்று, ஏ.சி., சுமை, ஓட்டுநர் எதுவும் மாறக்கூடாது. சனி, ஞாயிறும் கோடை விழாவும் வேண்டாம். 20 கொண்டை ஊசி வளைவிலும் டூரிஸ்ட் பஸ் பின்னால் ஊர்ந்தால் கணக்கு என்னத்துக்கு ஆகும்?

எல்லோரும் சறுக்குவது டேங்க் நிரப்புவதில். ஆட்டோ கட் ஒரு நாள் முன்னே விழும், ஒரு நாள் பின்னே. அரை லிட்டர் வித்தியாசம் சாதாரணம். மேலே போய்வர சுமார் 60 கி.மீ., ஐந்து லிட்டர் என்று வையுங்கள். அந்த அரை லிட்டரே பத்து சதவீதம்! கிட்காரர் சொல்லும் லாபம் முழுக்க அதற்குள் ஒளிந்துகொள்ளும். ஆகவே ஒரு கட்டத்துக்கு நான்கு நடை, இருபது லிட்டராவது ஓட்டிவிட்டுத்தான் நிரப்பவேண்டும். அதே பங்க், அதே பம்ப், காலை வேளை. ஆட்டோ கட் விழுந்ததும் நிறுத்திவிடுங்கள். "ரவுண்டா போட்டுடலாம் சார்" என்பவருக்குத் தலையாட்டாதீர்கள். தினமும் ஏறி இறங்குகிறவருக்கு இது சுலபம். மற்றவர்கள் மலையை விட்டுவிட்டு ஆத்தூர் நெடுஞ்சாலையில் சோதிக்கலாம்.

அடுத்தது கால். காசு கொடுத்து மாட்டியவன் தன்னையறியாமல் மெதுவாக மிதிப்பான், மிச்சமாவது அதில்தான். கிட்டின் ஃபியூஸை வீட்டில் வேறொருவரிடம் ஒப்படையுங்கள். ஆன், ஆஃப், ஆஃப், ஆன் என்றோ, அதற்கு நேர்மாறாகவோ கட்டத்துக்குக் கட்டம் அவர் மாற்றட்டும். எது எப்போது என்று ஓட்டுகிறவருக்குத் தெரியவே கூடாது. கிட்டுக்கான இண்டிகேட்டர் விளக்கு இருந்தால் டேப் ஒட்டி மறையுங்கள். விற்பவர் உடன் வருவதற்கு நான் சம்மதிக்கமாட்டேன். பின்னால் மோசடி என்று தெரியவந்த மூலிகை பெட்ரோலின் செய்முறையை 1996-ல் பார்த்து வாய்பிளந்தவர்கள்தானே நாம்!

இவ்வளவு சந்தேகம் ஏன்? கிட் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வாயு தந்தாலும், அதன் ஆற்றல் அதே நிமிடத்தில் கார் எரிக்கும் பெட்ரோலில் அரை சதவீதம்கூடத் தேறாது. அந்த வாயுவைப் பிரிக்கும் கரண்ட்டும் ஆல்டர்னேட்டர் வழியாக அதே பெட்ரோலிலிருந்துதான் வருகிறது. அந்த வாயு பெட்ரோலின் எரிப்பைத் தூண்டும் என்பார்கள். ஆனால் நல்ல என்ஜினில் எரியாமல் வீணாகும் பெட்ரோல் மிகச் சொற்பம்.

அப்படியும் சோதிப்பதென்றால், கிட்டில் ஊற்றும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலைக் கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள். என்ஜின் அணைந்தால் கிட்டும் அணையும்படி ரிலே கட்டாயம். பானெட்டுக்குள் ஹைட்ரஜன் தேங்கினால் ஒரு பொறி போதும். வாரண்டி உள்ள வண்டியில் கை வைக்கவே வேண்டாம்.

ஐந்து சதவீதத்துக்குக் குறைந்த வித்தியாசத்தை நான் பூஜ்யம் என்றே எழுதுவேன். மாட்டும் முன்பே, மைலேஜ் ஏறாவிட்டால் பணம் வாபஸ் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் அந்தக் காசுக்குப் பெட்ரோல் போட்டுக்கொள்ளலாம்.