நடவாத வரலாற்றில் ஒரு நாசகாரிக் கப்பல்

சில ஆண்டுகளுக்கு முன்னர் இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் தாம் எழுதிய சிறுகதையொன்றை என்னிடம் தந்து கருத்துரை வேண்டினார். உலகப் படத்தில் இல்லாத ஒரு தீவு நாடு. அந்நாட்டுக்கு ஒரு கடற்படை. அப்படையில் ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற 12 நாசகாரிக் கப்பல்கள். ஒவ்வொன்றிலும் 16 பீரங்கிகள். மின்னலென விரையும் அக்கப்பல்கள் எந்தத் துறைமுகத்திலும் எண்ணெய் நிரப்பியதாகக் கதையில் இல்லை. அவற்றால் இரண்டாம் உலகப் போரின் போக்கே மாறிவிடுகிறது. நடை நன்றாக இருந்தது, உவமைகளும் புதியவை. ஆயினும் அக்கப்பல்களை என்னால் நம்ப இயலவில்லை. அதனைக் கூறியபோது, "கற்பனைதானே ஐயா, கற்பனைக்குக் கணக்கு எதற்கு?" என்று கேட்டார். அன்று நான் அளித்த விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. அவ்வினாவை மீண்டும் எடுத்துக்கொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நடந்த வரலாற்றில் ஒரு நிகழ்ச்சியை மட்டும் மாற்றி, அதன்பின் உலகம் எவ்வாறு சென்றிருக்கும் என்று புனைந்து காட்டும் இலக்கிய வகையை மாற்று வரலாறு என்று வழங்குகின்றனர். இது நாம் நன்கறிந்த வரலாற்றுப் புதினத்தினின்றும் வேறானது. கல்கி 'சிவகாமியின் சபத'த்தில் ஆயனரையும் சிவகாமியையும் படைத்துக்கொண்டார். ஆனால் வாதாபியைக் காப்பாற்ற அவருக்கு உரிமையில்லை. ஆதித்த கரிகாலன் கொலையுண்டதை அவரால் மாற்ற முடியாது; அக்கொலையைச் சூழ்ந்த இருளில் மட்டுமே அவர் கற்பனை உலவும். வரலாறு வாய்மூடியிருக்கும் இடங்களில் பேசுபவன் வரலாற்றுப் புதின ஆசிரியன். மாற்று வரலாற்று ஆசிரியனோ வரலாறு தெளிவாகப் பேசிய இடத்திலேயே அதனை மறுத்துப் பேசுகிறான். அவனுக்கு உரிமை மிகுதி. ஆகவே கடமையும் மிகுதி.

இவ்வகை எண்ணம் புதியதன்று. உரோமானிய வரலாற்றாசிரியர் லிவி தம் பெருநூலின் ஒன்பதாம் பகுதியில், மகா அலெக்சாந்தர் கிழக்கே வராமல் உரோமை நோக்கித் திரும்பியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று வினவி, உரோமே வென்றிருக்கும் என்று முடிவு கட்டுகிறார். தம் நாட்டுப் பற்று அவரை அம்முடிவுக்கு இழுத்துச் சென்றது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர் வெறுமனே அடித்துக் கூறிவிடவில்லை. இருதரப்புப் படைத்தலைவர்களையும், படைக்கலங்களையும், வீரர் தொகையையும் எடுத்து நிறுத்துப் பார்க்கிறார். நடவாததைப் பேசப் புகுந்தவருக்கும் நிறைகோல் தேவைப்பட்டது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

கப்பலைப் பொறுத்தவரை அந்நிறைகோல் இன்னும் கடுமையானது. ஒரு மன்னனின் மனத்தை ஆசிரியன் தன் விருப்பம்போல் வளைக்கலாம். தண்ணீரை வளைக்க முடியாது.

நாசகாரிக் கப்பல் தோன்றிய கதையே இதனை விளக்கப் போதுமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டார்பிடோ என்னும் நீரடிக் கணை புழக்கத்துக்கு வந்தது. மலைபோன்ற போர்க்கப்பலையும் ஒரு சிறு படகு மூழ்கடித்துவிடலாம் என்னும் நிலை உருவாயிற்று. அச்சிறு படகுகளைத் துரத்தி அழிப்பதற்கென்றே 1893இல் பிரித்தானியக் கடற்படை 'ஹேவக்' முதலிய கப்பல்களைக் கட்டி நீரில் விட்டது. 'டார்பிடோப் படகு நாசகாரி' என்பதே அவற்றின் முழுப்பெயர். முன்பகுதி தேய்ந்து 'நாசகாரி' மட்டும் நிலைத்தது. அழிக்க வேண்டிய படகினும் விரைவாக ஓட வேண்டும். பெருங்கப்பல்களுடன் ஆழ்கடலுக்கும் செல்ல வேண்டும். விலையும் குறைவாக இருத்தல் வேண்டும். ஒன்றோடொன்று முரண்படும் இம்மூன்றையும் ஒரே உடலில் அடக்கும் முயற்சிதான் அதன்பின் வந்த நாசகாரிக் கப்பல்களின் வரலாறு எனலாம்.

பீரங்கி ஒன்றைக் கூட்டினால் கப்பலின் மேற்பகுதி கனக்கும்; அது கனத்தால் கப்பல் சாய்ந்து நிமிரும் ஆற்றல் குன்றும். வேகத்தைக் கூட்டக் கொதிகலன்களைப் பெருக்கினால் எண்ணெய் வைக்க இடம் குறையும். எண்ணெய்க்கு இடம் தேடி உடலை நீட்டினால் எடையும் செலவும் ஏறும். ஒன்றைப் பெற ஒன்றைக் கொடுத்தே ஆக வேண்டும்.

கொடுக்க மறுத்தவர்க்கு என்ன நேர்ந்தது என்பதற்கு ஜப்பானியக் கடற்படையே சான்று. 1928இல் பணிக்கு வந்த 'ஃபுபுகி' வகுப்புக் கப்பல் உலகையே வியக்க வைத்தது. ஏறத்தாழ 1,750 டன் எடையுள்ள உடலில் 6 பீரங்கிகள், 9 டார்பிடோக் குழாய்கள், மணிக்கு 38 கடல்மைல் வேகம். பின்னர் 1930ஆம் ஆண்டு இலண்டன் ஒப்பந்தம் நாசகாரிகளின் எடைக்கு வரம்பு கட்டியது. பெரும்பாலானவை 1,500 டன்னுக்கு மேற்படலாகாது என்றாயிற்று. ஜப்பானிய வடிவமைப்பாளர் மனம் தளரவில்லை. 'ஹட்சுஹரு' என்னும் அடுத்த வகுப்பை 1,400 டன்னில் வரைந்தனர். எடை குறைந்தது, ஆசை குறையவில்லை. பீரங்கி 5, டார்பிடோக் குழாய்கள் அதே 9. ஏட்டில் அது வெற்றியே.

கடல் அந்த ஏட்டைப் படிக்கவில்லை. 1934 மார்ச் மாதத்தில், இதே பேராசையோடு கட்டப்பட்ட 'தொமோசுரு' என்னும் சிறு டார்பிடோக் கப்பல் புயற்காற்றில் கவிழ்ந்தது. ஏறத்தாழ 100 பேர் மாண்டனர். போர் இல்லை, பகைவன் இல்லை, மேற்கனமே கொன்றது. மறு ஆண்டு செப்டம்பரில் ஜப்பானிய நான்காம் கப்பற்படை சூறாவளியில் சிக்கியபோது, புகழ்பெற்ற ஃபுபுகி வகுப்பைச் சேர்ந்த இரு கப்பல்களின் அணியங்கள் முறிந்து பிரிந்தன. அணியம் என்பது கப்பலின் முன்தலை. அதன்பிறகே உடலை வலுப்படுத்தினர். அடியில் எடை சேர்த்தனர். 38 கடல்மைல் வேகம் 34 ஆகக் குறைந்தது. ஹட்சுஹரு வகுப்பில் 12 கப்பல்கள் கட்டத் திட்டமிட்டிருந்தவர்கள் 6உடன் நிறுத்திக்கொண்டனர்.

இவை நடந்தவை. என் மாணவரின் 16 பீரங்கிக் கப்பலைப் பற்றி நான் கூறியிருக்க வேண்டிய முதற்செய்தி இதுவே. உண்மையான பொறியியல் வல்லுநர்களின் மேசையிலும் ஒரு கற்பனைக் கப்பல் இருந்தது. அதனை நம்பிக் கடலுக்குச் சென்றவர்கள் வீடு திரும்பவில்லை.

இனி, கணக்கை மதித்து எழுதப்பட்ட ஒரு புனைவைக் காண்போம். அமெரிக்க எழுத்தாளர் டெய்லர் ஆண்டர்சன் 2008இல் தொடங்கி 2020இல் முடித்த 15 நூல்களின் தொடர் 'டெஸ்ட்ராயர்மென்' என்பது. கதையின் தொடக்கம் 1942 மார்ச் மாதம், ஜாவாக் கடல். நேச நாட்டுக் கப்பற்படை தோற்றுச் சிதறிய நாள்கள் அவை. 'வாக்கர்' என்னும் பழைய அமெரிக்க நாசகாரியை 'அமாகி' என்னும் ஜப்பானியப் பெரும்போர்க்கப்பல் துரத்துகிறது. திடீரென எழுந்த மழைப்புயலுக்குள் புகுந்து மறுபுறம் வெளிப்படும் வாக்கர், வேறோர் உலகில் மிதக்கிறது. நிலமும் நீரும் நாமறிந்தவைதாம். உயிரினங்கள் மட்டும் வேறு வழியில் வளர்ந்துள்ளன. லெமூர் என்னும் விலங்கினத்தை ஒத்த அறிவுடைய மக்கள் அங்கே வாழ்கின்றனர். அவர்களை மாலுமிகள் 'லெமூரியர்' என்றே அழைக்கின்றனர். குமரிக்கண்டத்தை நினைந்து நம்மவர் நிமிர்ந்து உட்கார வேண்டியதில்லை. மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் கிடைத்த லெமூர் இனச் சான்றுகளை விளக்க 1864இல் ஸ்க்லேட்டர் என்னும் விலங்கியலார் சூட்டிய கற்பனை நிலப்பெயரும், இக்கதை மாந்தரின் பெயரும் அவ்விலங்கிலிருந்தே பிறந்தவை.

இக்கதையில் நம்ப முடியாத செய்தி அந்தப் புயல் ஒன்றே. அதனை மட்டும் வாசகனிடம் கடனாகக் கேட்டுக்கொண்டு, ஏனையவற்றுக்கெல்லாம் ஆசிரியர் விலை கொடுக்கிறார். வாக்கர் 'விக்ஸ்' வகுப்பைச் சார்ந்தது. அவ்வகுப்பில் 111 கப்பல்கள் முதல் உலகப் போரையொட்டிக் கட்டப்பட்டன: எடை ஏறத்தாழ 1,200 டன், நான்கு புகைபோக்கிகள், நான்கு கொதிகலன்கள், நான்கு அங்குலப் பீரங்கிகள் நான்கு, 12 டார்பிடோக் குழாய்கள். கதை நடக்கும் காலத்தில் அவை முதுமையெய்திய கப்பல்கள். புதிய உலகில் வாக்கருக்கு முதலில் நேரும் துன்பம் பகைவன் அன்று, எண்ணெய். எண்ணெய் இல்லையேல் அது மிதக்கும் இரும்புப் பெட்டி. நிலப்படம் மாறவில்லையாகலின், போர்னியோவில் எண்ணெய் எங்குக் கிடைக்கும் என்பதை அறிந்த ஒருவரின் துணைகொண்டு துளையிடுகிறார்கள். சுட்ட குண்டு திரும்ப வராது. ஆகவே ஒவ்வொரு சூட்டையும் எண்ணிச் சுடுகிறார்கள். தொடரின் பிற்பகுதியில், வாக்கரையே முன்மாதிரியாகக் கொண்டு அப்புதிய உலகில் 'ஜேம்ஸ் எல்லிஸ்' முதலிய நாசகாரிகள் கட்டப்படுகின்றன. எந்த நாட்டுப் பட்டியலிலும் இல்லாத ஒரு கடற்படைக்கு ஒரு கப்பல் வகுப்பு பிறக்கிறது. ஆனால் அது பிறப்பதற்குள் நூல்கள் பல கடந்துவிடுகின்றன. உருக்காலை, உலை, கடைசல் பட்டறை, பயின்ற கைகள் ஆகியவை முதலில் பிறக்க வேண்டியிருந்தன.

அத்தாமதமே கதையின் அறம் என்பேன். விக்ஸ் வகுப்பைச் சேர்ந்த 'வார்டு' என்னும் கப்பலுக்கு 1918 மே 15ஆம் நாள் கலிபோர்னியாவில் ஏரா எனப்படும் அடிக்கட்டை இடப்பட்டது. ஜூன் முதல் நாளே அது நீரில் இறங்கியது. 17 நாள்களில் ஒரு நாசகாரி! இதனைக் கதையில் எழுதினால் நாமே நகைப்போம். ஆயின் அந்தப் 17 நாள்களுக்குப் பின்னே முன்கூட்டியே வெட்டி வளைத்து வைத்த தகடுகளும், ஒரு பெருநாட்டின் ஆலைகளும், ஆயிரக்கணக்கான தொழிலாளரும் இருந்தனர். இதே வார்டுதான் 1941 டிசம்பர் 7 காலையில், பேர்ல் துறைமுகத்தின் வாயிலில் ஜப்பானியச் சிறு நீர்மூழ்கியொன்றை மூழ்கடித்து அமெரிக்கத் தரப்பின் முதற்குண்டைச் சுட்டது.

ஆண்டர்சனின் கப்பல்களுக்கு நடந்த வரலாற்றில் நேர்ந்ததையும் குறிப்பிட வேண்டும். அமாகி என்றுமே கடலோடவில்லை. கட்டுமானத்தில் இருந்தபோதே 1923 செப்டம்பர் 1ஆம் நாள் நேர்ந்த பெருநிலநடுக்கத்தில் அதன் உடல் சிதைந்து கைவிடப்பட்டது. வாக்கர் என்னும் பெயரில் ஒரு விக்ஸ் வகுப்புக் கப்பல் உண்மையிலேயே இருந்தது. அதுவும் போர்க்களம் காணவில்லை. பயிற்சிக்குரிய வெற்றுடலாக்கப்பட்டு, பேர்ல் துறைமுகத்துக்கு இழுத்துச் செல்லப்படும் வழியில் 1941 டிசம்பர் 28ஆம் நாள் மூழ்கடிக்கப்பட்டது. கதையில் அது போரிடத் தொடங்குவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே கடலடியில் இருந்தது. அதே ஜாவாப் பகுதியில் 1942 மார்ச் தொடக்கத்தில் உண்மையாகப் போரிட்டு அழிந்தவை போப், எட்சல், பில்ஸ்பரி என்னும் உடன்பிறப்புக் கப்பல்கள். எட்சலின் உடல் கண்டறியப்பட்ட செய்தி 2024 நவம்பரில்தான் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. 80 ஆண்டுகளுக்கு மேலாக அக்குடும்பங்களுக்குப் புதைவிடம் தெரியாதிருந்தது. நடவாத கதை இவர்களின் நடந்த சாவின்மீது எழுப்பப்பட்டிருக்கிறது. விலையின்றி வெல்லும் கப்பலை அவ்விடத்தில் மிதக்க விடுவது, இறந்தவர்களின் கணக்கையும் சேர்த்து அழிப்பதாகும்.

இவற்றையெல்லாம் அம்மாணவரிடம் பல மாலைகளில் பேசினேன். தேர்வுகள் முடிந்தபின் கதையைத் திருத்தி எடுத்துவந்தார். கப்பல்கள் பன்னிரண்டு மூன்றாகியிருந்தன. பீரங்கிகள் பதினாறு நான்காகியிருந்தன. கப்பல்களுக்கு எண்ணெய் வேண்டியிருந்தது; அது அண்டைத் தீவில் இருந்தது; அத்தீவின் மூதாட்டி ஒருத்தி அதனைத் தர மறுத்தாள். பழைய கதையில் இல்லாத பாத்திரம் அவள். அவளுக்கும் கப்பற்தலைவனுக்கும் நடக்கும் உரையாடல் எட்டுப் பக்கங்கள். போர் இன்னும் தொடங்கவில்லை என்றார். மீதியைக் கோடை விடுமுறையில் எழுதுவதாகக் கூறிச் சென்றார்.