சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள்

பொங்கலுக்கு ஊருக்குப் போக ரயில் டிக்கெட் எடுத்துவிட்டேன். இப்போது மேனேஜர் லீவு தர மறுக்கிறார். டிக்கெட்டைக் காட்டியும் மனம் இரங்கவில்லை.
– வாசகர், தாம்பரம்

டிக்கெட்டைக் காட்டி லீவு கேட்டது முதல் தப்பு. நீங்களே முடிவெடுத்துவிட்டு அவரிடம் கையெழுத்து மட்டும் கேட்கிறீர்கள். முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கிறது. அதற்கு முந்தின வாரமே பேசியிருக்க வேண்டும். செக்‌ஷனில் வேறு யார் ஊருக்குப் போகிறார்கள் என்று விசாரித்தீர்களா? தீபாவளிக்கு யார் இருந்தார்கள்? இப்போதும் ஒன்று செய்யலாம். உங்கள் வேலையைப் பார்த்துக்கொள்ளச் சம்மதிக்கும் ஒருவரை அழைத்துக்கொண்டு போய் மறுபடி கேளுங்கள்.

லீவு லெட்டரில் ‘சொந்த வேலை’ என்று எழுதினால், என்ன வேலை என்று குடைகிறார்கள். புதிதாகச் சேர்ந்தவள் என்பதால் பயமாக இருக்கிறது.
– வாசகி, ஈரோடு

பயப்படாதீர்கள் அம்மா. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, உங்களைப் போன்றவர்களுக்காகவும் எழுதப்பட்டதுதான். ஓராண்டு முடித்தவருக்கு 12 நாள் சம்பளத்தோடு விடுப்பு. அது போக, நோய்க்கு 12 நாள் வரை, தகுந்த வேறு காரணங்களுக்கு 12 நாள் வரை. ‘குடும்ப விஷயம் சார்’ என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். கதை மட்டும் கட்டாதீர்கள்.

பத்து வருடமாக அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். நான் இரண்டு நாள் வராவிட்டால் கம்பெனியே நின்றுவிடும். மனைவி, பிள்ளைகள் கோபப்படுகிறார்கள். எப்படிப் புரிய வைப்பது?
– வாசகர், அம்பத்தூர்

புரிந்துகொள்ள வேண்டியவர் நீங்கள். இதைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலையாக இருக்கிறது. வங்கிகளில் முக்கியப் பொறுப்பில் இருப்பவர்களை ஆண்டுக்கொரு முறை தொடர்ந்து 10 வேலை நாளாவது விடுப்பில் அனுப்பியே ஆக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. 2021-இல் அதையும் இறுக்கி, முன்கூட்டிச் சொல்லாமலே அனுப்பச் சொன்னார்கள். அந்த நாள்களில் தம் வேலை சம்பந்தப்பட்ட எதையும் அவர்கள் தொடக் கூடாது. ஒரே ஆள் விடாமல் ஒரே நாற்காலியில் இருந்தால், அங்கே நடக்கும் தவறு இன்னொருவர் கண்ணில் படாது. உங்களை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் நாளைக்கே காய்ச்சலில் படுத்தால் உங்கள் முதலாளி யாரிடம் போய் நிற்பார்? எல்லாவற்றையும் ஒருவரே தலைக்குள் வைத்திருப்பதை உழைப்பு என்று நாம் கொண்டாடுவதுதான் நம் அலுவலகங்களின் பெரிய நோய்.

7-ஆம் தேதி டி.டி.எஸ்., 15-இல் பி.எஃப்., 20-இல் ஜி.எஸ்.டி. அதை முடித்த மறுநாள் கிளம்புங்கள். அதற்கு இரண்டு நாள் முன்னதாக, பக்கத்து சீட்காரரை உங்கள் நாற்காலியில் உட்காரவைத்து அவர் கையாலேயே வேலையைச் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் பின்னால் நின்று பாருங்கள். எந்த பில் நிலுவை, எந்தப் பார்ட்டி போன் செய்வார், பீரோ சாவி யாரிடம் என்று ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். உங்கள் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். அவர் பெயரில் தனி லாகின் வாங்கித் தாருங்கள். அப்புறம் பிள்ளைகளோடு போய் வாருங்கள்.

லீவில் இருப்பவரை போனில் அழைத்து ‘அந்த ஃபைல் எங்கே’ என்று கேட்கலாமா?
– மேலாளர், கோவை

கூடாது. அவர் போகுமுன் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

பாட்டி இறந்துவிட்டதாகச் சொல்லிக் கொடைக்கானல் போனேன். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை எம்.டி. பார்த்துவிட்டார்.
– வாசகர், மதுரை

நாளைக் காலை முதல் வேலையாக நேரில் போய் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். ஸ்டேட்டஸை மறைக்க வழி கேட்டு எனக்கு எழுதாதீர்கள். உண்மையாகவே சாவு விழுந்த வீட்டுக்காரர் ஒருவர் இனி அங்கே லீவு கேட்டால், அவரையும் சந்தேகமாகப் பார்ப்பார்கள். நீங்கள் செய்த கெடுதல் அதுதான்.

டூர் போய் வந்தால் ஆபீசுக்கு ஏதாவது வாங்கி வர வேண்டுமா?
– வாசகி, திருநெல்வேலி

கட்டாயமில்லை. உங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டவருக்கு மட்டும் கட்டாயம் வாங்குங்கள்.