மேசைமேல் ஒரு போர்க்களம்

யானை, குதிரை, தேர், காலாள் ஆகிய நான்கு படைகளைப் பலகையில் நிறுத்தி ஆடியதால்தான் சதுரங்கத்திற்கு அந்தப் பெயர் வந்தது. ‘சதுர்’ என்றால் நான்கு. ‘அங்கம்’ என்றால் உறுப்பு. சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன் இந்தியாவில் ஆடப்பட்ட இந்த ஆட்டம், பாரசீகத்திற்கும் அரபு நாடுகளுக்கும் சென்று பின்னர் ஐரோப்பாவை அடைந்தது. நம் முன்னோர் இன்னொரு போர் ஆட்டத்தையும் அறிந்திருந்தனர். அதுதான் ஆடு புலி ஆட்டம். தரையில் கரிக்கட்டையால் கோடு கிழித்து, மூன்று புலிகளையும் பதினைந்து ஆடுகளையும் வைத்து ஆடுவார்கள். காய் வேண்டுமென்றால் கடைக்குப் போக வேண்டியதில்லை. தோட்டத்தில் ரப்பர் கொட்டை கிடக்கும், கூழாங்கல் கிடக்கும். புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆடுகள் ஒன்றுசேர்ந்து புலியை நகரவிடாமல் அடைக்கும். இரு தரப்புக்கும் பலம் ஒன்றல்ல, இலக்கும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டைப் பொறுத்தவரையில் சதுரங்கத்தைவிட ஆடு புலி ஆட்டமே உண்மையான போருக்கு நெருக்கமானது எனலாம்.

இந்த ஆட்டங்களின் தூரத்து உறவுதான் சிற்றுருவப் போர் விளையாட்டு. இதில் கட்டங்கள் இல்லை. ஒரு பெரிய மேசையே போர்க்களம். அதன்மேல் குன்று, ஆறு, பாலம், வீடு ஆகியவற்றை அமைப்பார்கள். விரல் உயரமுள்ள வீரர் பொம்மைகள் அணிவகுத்து நிற்கும். ஒரு படை எவ்வளவு தூரம் நகரலாம் என்பதை அளவுகோலால் அளப்பார்கள். தாக்குதல் பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். இதற்கான அடித்தளத்தை இட்டவர்கள் பிரஷ்யா நாட்டுத் தந்தையும் மகனும் ஆவர். 1812இல் தந்தை ரைஸ்விட்ஸ், இழுப்பறைகள் கொண்ட ஒரு போர் விளையாட்டு மேசையைச் செய்து அரசருக்கு வழங்கினார். 1824இல் மகன் அதை வரைபடத்தில் ஆடும்படி மாற்றி விதிகளை வெளியிட்டார். அந்த விதிகளில் நடுவருக்கே முதலிடம். இரு தரப்பினரும் தத்தம் கட்டளைகளை நடுவரிடம் தருவர். எதிரியின் படையில் எதைக் காண முடியும், எதைக் காண முடியாது என்பதை அவர்தான் சொல்வார். படைத்தலைவர்களுக்குப் பயிற்சி தருவதற்காகத் தோன்றிய விளையாட்டு அது.

அதை வீட்டுக்கூடத்திற்குக் கொண்டு வந்தவர் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ். ஈயச் சிப்பாய்களையும் சுருள்வில் பீரங்கியையும் வைத்து ஆடும் விதிகளை அவர் 1913இல் நூலாக வெளியிட்டார். பீரங்கி எய்யும் சிறு மரக்குண்டு பட்டு எந்தச் சிப்பாய் சாய்கிறதோ அது வீழ்ந்ததாகக் கணக்கு. போரை வெறுத்த அவர் ஏன் போர் விளையாட்டை எழுதினார் என்று நீங்கள் கேட்கலாம். சில முறை இதை ஆடிப் பார்த்த எவரும், உண்மைப் போர் எவ்வளவு தடுமாற்றமும் வீணும் நிறைந்தது என்பதை உணர்வார். பொம்மை வீரர்களை மீண்டும் பெட்டிக்குள் எடுத்து வைக்கலாம், மனிதர்களை அப்படி வைக்க முடியாது என்பதே அவர் வாதத்தின் சாரம். அடுத்த ஆண்டே முதலாம் உலகப் போர் மூண்டது.

நூல் வந்தும் ஆட்டம் உடனே பரவவில்லை. ஆடத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஒருவராகச் சிதறிக் கிடந்தார்கள். பொம்மைகளின் விலையும் அதிகம். இந்த இரண்டு தடைகளையும் உடைத்தவர் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வாழ்ந்த ஜேக் ஸ்க்ரூபி. 1955இல் அவர் அச்சு எழுத்து வார்க்கும் உலோகத்தைக் கொண்டு மலிவான வீரர் பொம்மைகளைச் செய்யத் தொடங்கினார். 1957இல் போர் விளையாட்டுக்கென்றே ஓர் இதழைத் தாமே வெளியிட்டார். 1962 வரை வந்த அந்த இதழுக்கு இருநூறு சந்தாதாரர்கள்கூட இல்லை. ஆனாலும் அதன் பக்கங்களில் ஓர் ஊர்க்காரர் எழுதிய விதியை இன்னோர் ஊர்க்காரர் ஆடிப் பார்த்து, குறை நிறைகளை எழுதி அனுப்பினார். இங்கிலாந்தின் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் போன்றோரும் அந்த வட்டத்தில் இணைந்தனர். 1962இல் ஃபெதர்ஸ்டோன் எழுதிய நூல் இந்த விளையாட்டைப் பலரிடம் கொண்டு சேர்த்தது. இன்று பல நாடுகளில் பெரிய வணிகமாக வளர்ந்துள்ள இந்த விளையாட்டின் பின்னால், அஞ்சலில் பேசிக்கொண்ட அந்தச் சிறு கூட்டமும் இருக்கிறது.

தமிழர்களிடையே இப்படி ஓர் ஆட்டச் சமூகம் எழுந்த கதையைச் சென்னையில் காணலாம். 1961இல் இந்தியாவின் முதல் அனைத்துலக மாஸ்டர் பட்டத்தைப் பெற்றவர் மானுவேல் ஆரோன். அவர் 1972இல் சென்னையிலிருந்த சோவியத் பண்பாட்டு மையத்தில் ஒரு சதுரங்கக் கழகத்தைத் தொடங்கினார். சோவியத் உலக வெற்றியாளர் மிகயில் தாலின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. தாயாரிடம் சதுரங்கம் கற்ற விஸ்வநாதன் ஆனந்த் என்ற சிறுவன் அங்கே வந்து ஆடினான். சில நிமிடங்களில் முடியும் விரைவு ஆட்டங்களில் வென்றவர் இருக்கையில் தொடர்வார். தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போவார். எழுந்து போக மனமில்லாத சிறுவன் வேகமாகவும் சரியாகவும் சிந்திக்கப் பழகிக்கொண்டான். 1988இல் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2022இல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது. 2024 டிசம்பரில், மலாக்காவிலிருந்து பேருந்தில் சில மணி நேரத்தில் சென்றடையக்கூடிய சிங்கப்பூரில், சென்னையைச் சேர்ந்த குகேஷ் பதினெட்டு வயதில் உலக வெற்றியாளர் ஆனார்.

ஆனால் சென்னைக் கழகத்தின் அந்த வரிசை முறையைச் சிற்றுருவப் போர் விளையாட்டுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. விரைவுச் சதுரங்கம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். தோற்றவர் சிறிது நேரத்தில் மீண்டும் அமரலாம். இந்த விளையாட்டில் ஒரு போர் முடிய மூன்று மணி நேரம்கூட ஆகும். முதல் நாள் வந்த மாணவனை அவ்வளவு நேரம் சுவரோரம் நிற்க வைத்தால், மறுவாரம் அவன் வரமாட்டான். எனவே புதியவருக்குத் தனிப் போர் வேண்டியதில்லை. பெரிய படையில் ஓர் அணியைப் பிரித்து அவரிடம் ஒப்படைத்தால் போதும். அரை மணி நேரத்தில் முடியும் சிறு மோதல்களையும் ஒவ்வொரு சந்திப்பிலும் வைத்துக்கொள்ளலாம். கழகம் நிலைப்பதற்கு வெல்பவர்களைவிட, தோற்றும் மறுவாரம் வருபவர்களே தேவை.

மலாக்கா மாநிலத்தில் இப்படி ஒரு குழுவை அமைக்க முடியுமா? இடத்தைப் பற்றிய கவலை வேண்டாம். அலோர் காஜா, ஜாசின், மெர்லிமாவ், மஸ்ஜித் தானா போன்ற ஊர்களில் பள்ளி மண்டபமோ ஆலய மண்டபமோ நூலக அறையோ கிடைக்கும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தோட்டத்தில் வாழ்ந்த காலத்தில் ஒரு லயத்துப் பிள்ளைகள் அழைக்காமலே கூடினார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் வெவ்வேறு தாமான்களுக்குக் குடிபெயர்ந்த பிறகு, ஒரே வகுப்பில் படிக்கும் இருவர்கூட மாலையில் சந்திக்க யாராவது வண்டியில் ஏற்றிச் செல்ல வேண்டியுள்ளது. ஆகையால், ஆட்ட நாளைப் பெற்றோரின் பயணத்தோடு பொருத்துவது நல்லது. ஆலய வழிபாடோ, தேவார வகுப்போ, புறப்பாட நடவடிக்கையோ நடக்கும் அதே நாளில் அதே வளாகத்தில் மேசையைப் போட்டால் வருவோர் கூடுவர். சந்திக்கும் நாளையும் நேரத்தையும் மாற்றிக்கொண்டே இருந்தால் எவ்வளவு நல்ல குழுவும் கலைந்துவிடும்.

செலவையும் பார்க்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் பொம்மைப் பெட்டிகளின் விலை மாணவர்களுக்குக் கட்டுப்படியாகாது. விலையுயர்ந்த படை வைத்திருப்பவரே ஆடலாம் என்ற நிலை வந்தால் குழு இரண்டாகப் பிரிந்துவிடும். தடித்த அட்டையில் வீரரை வரைந்து வெட்டி, குப்பி மூடியில் ஒட்டினால் ஒரு சிப்பாய் தயார். களிமண்ணில் யானை செய்யலாம். பழைய புத்தகங்களை அடுக்கிப் பச்சைத் துணி போர்த்தினால் அது குன்று. படைகள் தனியாருடையவையாக இல்லாமல் குழுவின் பெட்டியில் இருப்பதே சிறப்பு. வரையத் தெரிந்தவர், கணக்குப் போடத் தெரிந்தவர், வரலாறு படித்தவர் என ஆட்டத்தில் நாட்டமில்லாதவருக்கும் இதில் வேலை உண்டு.

எந்தப் போரை ஆடுவது? கற்பனை உலகப் படைகளை விரும்புவோர் அவற்றை ஆடட்டும். ஆனால் மலாக்கா மாணவர்களுக்கு வாசலிலேயே ஒரு போர்க்களம் இருக்கிறது. 1511 ஜூலையில் போர்த்துகீசியத் தளபதி அல்போன்சோ டி அல்புகர்க், ஏறத்தாழ 1,200 வீரர்களுடன் மலாக்காத் துறைமுகத்திற்கு முன் வந்து நின்றார். ஜூலை 25இல் முதல் தாக்குதல். குறி, மலாக்கா ஆற்றுப் பாலம். ஆற்றின் ஒரு கரையில் சுல்தானின் அரண்மனையும் பள்ளிவாசலும், மறு கரையில் வணிகர் குடியிருப்பும் இருந்தன. பாலத்தைப் பிடிப்பவர் நகரை இரண்டாகப் பிளந்துவிடலாம். சுல்தானின் யானைப்படை எதிர்த்து வந்தது. ஈட்டிக் குத்துப்பட்ட யானைகள் மிரண்டு, தம் வீரர்களுக்கிடையிலேயே திரும்பி ஓடின. ஆனாலும் அன்று போர்த்துகீசியர் பாலத்தைத் தக்கவைக்க முடியாமல் கப்பல்களுக்குத் திரும்பினர். பிறகு உயரமான மரக்கலம் ஒன்றைப் பாலத்தை நோக்கி ஆற்றில் செலுத்தினர். அது மணல்திட்டில் சிக்கி, ஓதம் உயரும் வரை காத்துக் கிடந்தது. ஆகஸ்டு 10இல் இரண்டாம் தாக்குதல் நடந்தது. அம்மாதத்திலேயே நகரம் வீழ்ந்தது.

இதை மேசைக்குக் கொண்டு வருவோம். ஒரு பொம்மை இருபது வீரர்களைக் குறிக்கட்டும். போர்த்துகீசியர் பக்கம் அறுபது பொம்மைகள். மலாக்காப் படைக்கு நூற்றைம்பது வைக்கலாம். எண்ணிக்கையில் இவ்வளவு மிகுந்த தரப்பு எளிதில் வென்றுவிடாதா என்று தோன்றும். பாலத்தின் அகலத்தை அளந்து பாருங்கள். ஒரே நேரத்தில் எட்டுப் பொம்மைகளுக்குமேல் அதில் நிற்காது. மரக்கலத்திற்கு ஒரு விதி: ஒவ்வொரு சுற்றிலும் பகடையை உருட்ட வேண்டும், ஆறு விழுந்தால்தான் ஓதம் உயர்ந்து கலம் நகரும். யானைக்கு ஒரு விதி: காயம்பட்டால் உருட்ட வேண்டும், ஒன்றோ இரண்டோ விழுந்தால் அது தன் படைக்குள்ளேயே ஓடும். ஒருமுறை ஆடி முடித்ததும் இருவரும் தரப்பை மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் போர்த்துகீசியராக ஆட யாரும் முன்வரமாட்டார்கள்!

வணிகர்களை எந்தப் பக்கம் வைப்பது என்பதில்தான் வாதம் சூடு பிடிக்கும். அன்றைய மலாக்காவில் சோழமண்டலக் கடற்கரையிலிருந்து வந்த தமிழ் வணிகர்கள் செல்வாக்கோடு வாழ்ந்தனர். காஜா பெராங்கிலுள்ள செட்டிக் கிராமத்து மக்கள் அத்தகைய வணிகர்களின் வழிவந்தவர்கள். நைனா சட்டு என்னும் இந்து வணிகர், 1509 முதல் நகரில் சிறைப்பட்டிருந்த போர்த்துகீசியருக்கு உதவினார். நகரம் வீழ்ந்தபின் அவர்கள் ஆட்சியில் பெண்டகாரா பதவியையும் பெற்றார். அவர் செய்தது துரோகமா, தம் மக்களையும் சரக்கையும் காக்க எடுத்த முடிவா? பகடை இதற்கு விடை தராது. ரைஸ்விட்ஸின் வழியில் அந்த வணிகரின் பாத்திரத்தை மூன்றாம் ஆட்டக்காரர் ஒருவருக்குக் கொடுத்து, அவர் முடிவை நடுவர் மட்டும் அறியும்படி ஒரு தாளில் எழுதச் சொல்லலாம். பாலத்தில் சண்டை முற்றும்போது நடுவர் அந்தத் தாளைப் பிரித்துப் படிப்பார்.

ஆட்டம் முடிந்த பிறகு நேரம் இருந்தால், தான் கிம் செங் பாலம் வரை ஒரு நடை போய் வரலாம். 1862இல் கட்டப்பட்ட பாலம் அது. பழைய பாலமும் ஏறத்தாழ அந்தப் பகுதியில்தான் இருந்தது. கையில் அளவுகோல் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள்.