வீடு மாறினால் பூனை என்ன செய்யும்?

ஒரு குடும்பம் வேறு வீட்டுக்குக் குடி போகிறது. பாத்திரம், பாய், அரிசி மூட்டை எல்லாம் வண்டியில் ஏறுகின்றன. பூனையையும் கொண்டு போகிறார்கள். புது வீட்டில் இறக்கி விட்டதும் அது ஓடிவிடுகிறது. இரண்டு நாள் கழித்துப் பழைய வீட்டு வாசலில் நிற்கிறது. வழியில் வண்டியில் அடிபட்டுச் சாகும் பூனைகளும் உண்டு.

ஏன் இப்படி?

பூனை தன் வீட்டை வாசனையால் அறிகிறது. அதன் கன்னத்தில் வாசனை சுரக்கிறது. கதவிலும் தூணிலும் நம் காலிலும் முகத்தைத் தேய்க்கும். 'இது என் இடம்' என்று அடையாளம் வைக்கும். அந்த வாசனை நமக்குத் தெரியாது. புது வீட்டில் அந்த அடையாளம் இல்லை. அதனால் பூனை பயப்படுகிறது.

வீட்டுக்கு வெள்ளை அடித்தாலும், புதிதாகக் குழந்தை பிறந்தாலும், இன்னொரு பூனை வந்தாலும் பயப்படலாம். அப்போது மூலையில் ஒளியும். சரியாகச் சாப்பிடாது. கண்ட இடத்தில் சிறுநீர் விடும். இது திமிர் அல்ல, பயம். அடித்தால் பயம் கூடும்.

நாம் என்ன செய்யலாம்?

1. முதல் சில நாள் ஒரே அறையில் வையுங்கள்.
2. அது படுத்த பழைய சாக்கைத் துவைக்காமல் போடுங்கள்.
3. சோறும் தண்ணீரும் ஒரு பக்கம், மண் தட்டு மறுபக்கம் வையுங்கள்.
4. ஒளிந்த பூனையை இழுக்காதீர்கள். தானாக வரட்டும்.
5. இரண்டு மூன்று வாரம் வெளியே விடாதீர்கள்.

கவனம்!

ஆண் பூனை முக்கியும் சிறுநீர் வரவில்லையா? அது உயிருக்கு ஆபத்து. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றாலும் விடக் கூடாது. கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

பயந்த பூனை கடிக்கலாம், பிறாண்டலாம். பூனை மூலமும் வெறிநோய் வரும். காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதுவும் வைக்காதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போடுங்கள். நோய் வந்த பிறகு காப்பாற்றுவது அரிது. ஊசி வராமல் தடுக்கும்.

பயிற்சி

1. பூனை ஏன் கதவில் முகத்தைத் தேய்க்கிறது?
2. பழைய சாக்கை ஏன் துவைக்கக் கூடாது?
3. பூனை கடித்தால் முதலில் என்ன செய்வீர்கள்? இரண்டு வரி எழுதுங்கள். வீட்டில் உள்ளவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.