தளபதி முத்துக்குமாருவைப் பற்றி மருமகளுக்கு

கொட்டாஞ்சேனை

அன்பான மருமகளுக்கு,

வெளிநாட்டுச் சேவைச் சோதனைக்கு விண்ணப்பம் போடுவதா விடுவதா என்று கேட்டிருந்தாய். வெள்ளவத்தையில் உன் அப்பாவும் அவருடைய சிநேகிதர்களும் "அங்கே எங்களுக்கு என்ன இடம்" என்கிறார்களாம். உன்னோடு படிக்கும் இடதுசாரிப் பெடியள், இந்த அரசுக்காக வெளிநாட்டில் போய்க் கதைப்பது மானங்கெட்ட வேலை என்கிறார்களாம். இரண்டு பக்கத்துக்கும் மறுமொழி சொல்ல ஒரு மனிதருடைய வாழ்க்கை போதும்.

அன்ரன் முத்துக்குமாரு. 1908இல் கொழும்பில் பிறந்த தமிழர். புனித சூசையப்பர் கல்லூரியில் படித்து, ஒக்ஸ்போர்ட்டுக்குப் போய், பாரிஸ்டராகத் திரும்பியவர். இலங்கை இலகு காலாட்படையில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நேச நாட்டுப் படைத் தளபதி மவுண்ட்பேட்டனின் தலைமையகம் கண்டிக்கு வந்தபோது அதைக் காவல் காத்த படைக்கு அவர்தான் பொறுப்பு. 1955 பெப்ரவரியில் இராணுவத் தளபதியானார். அதுவரை அந்தக் கதிரையில் இருந்தவர்கள் பிரித்தானியர்கள். முதலாவது இலங்கைத் தளபதி ஒரு தமிழர் என்பது உன் வகுப்பில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டுப் பார்.

அடுத்த வருடமே தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1958இல் கலவரம். மே 22 அன்று பொலன்னறுவையில் புகையிரதத்தை மறித்து அடித்ததில் தொடங்கி அது கொழும்பு வரை வந்தது; வீதியில் போன தமிழரை மறித்து அடித்தார்கள், வீடுகளையும் கடைகளையும் கொளுத்தினார்கள். அவசரகால நிலை பிரகடனமானது 27ஆம் திகதிதான். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குடியிருந்த சனம் றோயல் கல்லூரி முகாமில் கையில் அகப்பட்ட துணிமணியோடு கிடந்தது. பிறகு கப்பலில் ஏற்றி வடக்குக்கு அனுப்பினார்கள். இந்த நாட்கள் முழுக்க நாட்டின் தளபதி ஒரு தமிழர். பிரகடனம் வந்த பிறகு படை வீதியில் இறங்கியது, கொழும்பு அடங்கியது.

ஏன் முதல் நாளே இறங்கவில்லை என்று அவர் மேல் கோபப்படுகிறவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். அந்தக் கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் பிரதமர் பண்டாரநாயக்கவின் அமைச்சரவை. அரசு சொல்லாமல் தளபதி படையை நடத்தக்கூடாது; தன் சனம் அடிபடும்போதும் கூடாது. அது எவ்வளவு கொடிய கட்டுப்பாடு என்று யோசித்துப் பார். அந்தக் கட்டுப்பாட்டை மீறத் துணிந்த அதிகாரிகள் 1962 ஜனவரியில் அரசைக் கவிழ்க்கச் சதி செய்து பிடிபட்டார்கள். பெரும்பாலானோர் கிறிஸ்தவர்கள். அதற்குப் பிறகு படையில் சிறுபான்மையினருக்கு இருந்த இடம் இன்னும் சுருங்கியது.

உன் தோழர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கொக்கோஸ் தீவில் 1942 மேயில் பிரித்தானிய அதிகாரத்துக்கு எதிராகக் கிளர்ச்சி செய்த இலங்கைப் பீரங்கிப் படை வீரர் கிராத்தியன் பெர்னாண்டோ இடதுசாரிக் கருத்தில் ஊறியவர். அந்த ஓகஸ்டில் அவரையும் இன்னும் இருவரையும் வெலிக்கடையில் தூக்கிலிட்டார்கள். அந்தத் துணிவுக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் சோசலிசம் என்ற பெயர் மட்டும் எங்களைக் காப்பாற்றவில்லை. 1956இல் இரு மொழிக்கும் சம உரிமை கேட்டுப் பாராளுமன்றத்தில் முழங்கிய கொல்வின் ஆர். டி சில்வாதான், 1972இல் சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கிய அரசியலமைப்பை உருவாக்கிய அமைச்சர். இதை எழுதும்போது இப்போதும் எனக்கு மனம் கொதிக்கிறது.

முத்துக்குமாரு 1959 முடிவில் ஓய்வு பெற்றார். பாகிஸ்தானிலும் அவுஸ்திரேலியாவிலும் உயர் ஸ்தானிகராகவும் எகிப்தில் தூதுவராகவும் இருந்தார். இலங்கையின் இராணுவ வரலாற்றைப் பற்றி ஆங்கிலத்தில் அவர் எழுதிய நூல் 1987இல் வந்தது. கிடைத்தால் வாசி.

என் முடிவு இதுதான்: போ. ஆனால் ஒரு தமிழர் உச்சியில் இருந்தால் சனத்துக்குப் பாதுகாப்பு என்று நம்பிப் போகாதே. 1958 அந்த நம்பிக்கையை உடைத்துவிட்டது. அவருக்குப் பின்னால் வரவேண்டிய நூறு பேரை மொழிச் சட்டம் வாசலிலேயே மறித்தது. ஆகவே சிங்களத்தைக் கடைக்காரரோடு கதைக்கிற அளவில் விடாமல், கோப்பில் குறிப்பு எழுதும் அளவுக்குப் படி. 1987க்குப் பிறகு தமிழும் அரசகரும மொழி. உன் மேசைக்குத் தமிழில் வரும் கடிதத்துக்குத் தமிழிலேயே பதில் போக வேண்டும் என்று பிடிவாதமாக நில். நாளைக்கு நேர்முகத் தேர்வுச் சபையில் நீ இருந்தால், ஹற்றனிலிருந்தும் மன்னாரிலிருந்தும் வருகிற பிள்ளையை ஆங்கில உச்சரிப்புக்காகக் கழித்துவிடாதே.

விண்ணப்பத்தை இந்தக் கிழமையே நிரப்பு. கடந்தகால வினாத்தாள்கள் என்னிடம் கொஞ்சம் இருக்கின்றன, ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போ. அப்பாவோடு நான் கதைக்கிறேன்.

அன்புடன்,
மாமா