சிறு நகரில் புதுத் தொழில்: மணப்பாறையை வைத்து ஒரு கணக்கு

படித்து முடித்த பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் புறப்பட்டுப் போவதையே பார்த்துப் பழகிய நம் ஊர்களில், சில ஆண்டுகளாக வேறொரு கேள்வி எழுந்திருக்கிறது. கணினியில் தனித்து வேலை எடுத்துச் செய்வோரும், ‘ஸ்டார்ட்அப்’ எனப்படும் புதுத் தொழில் தொடங்குவோரும், “வாடகை குறைந்த நம் ஊரிலேயே இருந்து செய்தால் என்ன?” என்று கேட்கிறார்கள். கேட்பவர்களில் வணிகர் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. ஊர்ப் பாசத்தால் ‘இங்கேயே இரு’ என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் பிள்ளையின் எதிர்காலமும் வீட்டு முதலும் இதில் அடங்கியிருப்பதால், கணக்குப் பார்த்தே பதில் சொல்ல வேண்டும். திருச்சி மாவட்டத்து மணப்பாறையை வைத்து அந்தக் கணக்கைப் பார்ப்போம்.

முறுக்கு தரும் பாடம்

மணப்பாறை முறுக்குக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அதன் பெயர் பரவியது ரயிலால். திருச்சி - திண்டுக்கல் பாதையில் நின்று சென்ற வண்டிகளின் பயணிகள் வாங்கித் தின்று, ஊருக்கும் கொண்டு போனார்கள். உள்ளூர்க்காரர் மட்டும் தின்றிருந்தால் நாலைந்து அடுப்புகளே போதுமாக இருந்திருக்கும். மாட்டுச் சந்தையும் அப்படித்தான். விற்பவரும் வாங்குபவரும் பல ஊர்களிலிருந்து வந்து கூடியதால்தான் அது பேர் பெற்றது.

செய்வது உள்ளூரில், விற்பது வெளியூரில் என்பதே சிறு நகரத் தொழிலின் முதல் விதி. தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் 2011-இல் அலுவலகம் திறந்தபோதும் இந்த விதியே செல்லுபடியானது. அதன் வாடிக்கையாளர்கள் உலகெங்கும் இருந்தார்கள். ஆட்களுக்குப் பயிற்சி தரும் வசதியையும் அந்நிறுவனம் ஏற்கெனவே வைத்திருந்தது. தனி ஆளாகத் தொடங்கும் இளைஞருக்கு இவ்விரண்டும் தாமாக வந்து சேரா. ஆகவே வெளியூரில் இரண்டு மூன்று வாடிக்கையாளர்களையாவது பிடித்த பிறகே ஊர் திரும்புவது நல்லது.

வாடகை மிச்சம் முழுவதும் இலாபமா?

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். சிறு அலுவலகத்துக்குச் சென்னையில் மாத வாடகை 25,000 ரூபாய், மணப்பாறையில் 7,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 18,000 ரூபாய். இதிலிருந்து சிலவற்றைக் கழிக்க வேண்டும்.

1. மின்தடைக்கு இன்வெர்ட்டர், ஒன்று பழுதானால் கைகொடுக்க இரண்டாவது இணைய இணைப்பு: மாதம் 2,500 ரூபாய்.

2. வாடிக்கையாளரை நேரில் காணச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்வரும் செலவு: 5,000 ரூபாய்.

3. கணினிப் பழுது, உதிரிப் பாகம், பயிற்சி என்று திருச்சிக்கு அலைவது: 1,500 ரூபாய்.

ஆக 9,000 ரூபாய் போய், மிஞ்சுவது 9,000 ரூபாய். பாதி மிச்சம் பயணத்திலும் முன்னேற்பாட்டிலும் கரைந்துவிடுகிறது.

உண்மையான ஆதாயம் முன்பணத்தில் இருக்கிறது. இரண்டு ஊரிலும் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்டால் சென்னையில் 2,50,000 ரூபாயும் இங்கே 70,000 ரூபாயும் முடங்கும். வித்தியாசமான 1,80,000 ரூபாய் கையில் நிற்கும். அது மேற்சொன்ன மாத மிச்சத்தில் இருபது மாதத் தொகை. நடப்பு முதல் இல்லாமல் நொடித்த கடைகளைக் கண்ட நமக்கு இதன் அருமை தெரியும். வரவு வராத முதல் ஆண்டைத் தாண்ட இந்தப் பணமே துணை. இதை வண்டி வாங்கவோ அலுவலகத்தை அலங்கரிக்கவோ செலவிட்டால் ஊர் திரும்பியதன் பயனே போயிற்று.

ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது

வாடகை குறைவு என்பதற்காக எந்த ஊரையும் எடுத்துவிடக் கூடாது. பெரிய நகரம் ஒன்று காலையில் போய் மாலையில் திரும்பும் தொலைவில் இருக்க வேண்டும். மணப்பாறைக்குத் திருச்சி சுமார் 40 கிலோமீட்டர். ரயிலும் நெடுஞ்சாலையும் உண்டு. திருச்சியில் பன்னாட்டு விமான நிலையம் இருக்கிறது. ஆள் தேவைப்பட்டால் திருச்சிக் கல்லூரிகளில் தேடலாம். இத்தனையும் இல்லாத ஊரில் வாடகை இன்னும் குறைவாக இருந்தாலும், மேலே கண்ட கழிவுக் கணக்கு கூடிவிடும்.

அருகில் பெரிய ஆலைகளும் வந்துள்ளன. மொண்டிப்பட்டியில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தின் அட்டை ஆலை 2016-இல் உற்பத்தி தொடங்கியது. மணப்பாறை சிப்காட் தொழிற்பூங்கா 2022-இல் திறக்கப்பட்டது. இவற்றால் வேலை கிடைக்கலாம். ஆனால் ஒரே இடத்தை நம்பக் கூடாது. திருவெறும்பூரில் 1965-இல் தொடங்கிய பெல் ஆலையை நம்பி நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் வளர்ந்தன. அனல் மின் நிலையக் கொதிகலன்களுக்கான ஆர்டர் குறைந்தபோது அவற்றில் பல வேலையின்றித் தவித்தன. எந்த ஒரு வாடிக்கையாளரிடமிருந்தும் மொத்த வரவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வராமல் பார்த்துக்கொள்வது பாதுகாப்பு.

பாக்கி வசூல்

தொலைவில் இருப்பவரிடம் பாக்கி வசூலிப்பது கடினம்; போய் நின்று கேட்க முடியாது. எனவே தொடங்கும்போதே ‘உத்யம்’ பதிவு செய்துகொள்ள வேண்டும். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேலை செய்து கொடுத்த குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்குள் பணம் தந்தாக வேண்டும். ஒப்பந்தம் இல்லையேல் 15 நாட்கள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி சேரும். வாய்ச் சொல்லை நம்பாமல், வேலை விவரத்தையும் பணம் தரும் தேதியையும் எழுதி வாங்கிய பின்பே வேலையைத் தொடங்க வேண்டும். பாதித் தொகையை முன்பணமாகப் பெறுவது இன்னும் நல்லது.

நம் பங்கு என்ன?

இங்கே இருந்து வெளியூர் வருமானம் ஈட்டும் ஒருவர் அரிசியும் பருப்பும் துணியும் நம் கடைவீதியில்தான் வாங்குவார். அவர் போய்விட்டால் அந்தப் பற்று வரவும் அவரோடு போய்விடும். ஆகவே இது தருமம் அல்ல, வியாபாரம்.

கடைக்கு மேல் பழைய அட்டைப் பெட்டி அடுக்கிய மாடி அறை இருந்தால், அதைச் சுத்தம் செய்து, தனி மின் மீட்டர் வைத்து, மூன்று மாத முன்பணத்துக்கு விடலாம். முறுக்குப் பொட்டலத்தின் வடிவமைப்பு, சரக்குக் கணக்கு, இணைய விற்பனை என்று நமக்கே வேண்டிய வேலைகள் பல. அவற்றை வெளியூரில் கொடுக்குமுன் உள்ளூர்ப் பிள்ளையிடம் விலை கேட்கலாம். கொடுத்தால், மற்ற கொள்முதலுக்குத் தருவதுபோல் தவணை தவறாமல் பணம் தர வேண்டும். ‘நம்ம பையன்தானே’ என்று நாள் கடத்தினால், அவன் அடுத்த ரயிலில் சென்னைக்குப் போவதை நாம் தடுக்க முடியாது.